பொட்டலில் கல் தேடியவள்

புவனேஸ்வரி இறந்து மூன்று மாதமாகியும் ஆத்மநாதனுக்கு அழுகை வரவில்லை. மூளையில் ரத்தம் கசிந்து இரண்டே நாளில் போய்விட்டாள். பதினேழாம் நாள் அவன் அரிமளத்து ரேஷன் கடைக்குத் திரும்பி, வழக்கம்போல அரிசியை எடை போட்டான். கைரேகை மெஷினில் விரலை வைத்தபடியே சனங்கள் துக்கம் கேட்டார்கள். "ம், போயிட்டா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டான்.

பீரோ நிறைய அவளுடைய கற்கள் இருந்தன. காங்கேயத்துச் சந்திரகாந்தக் கல், ஊதா நிறச் செவ்வந்திக் கல், பால்கோவா நிறத்தில் பெயர் தெரியாத ஒன்று. இனிப்புப் பெட்டிகளில் பஞ்சு பரப்பி அடுக்கியிருந்தாள். ஏழு வருஷச் சேகரிப்பு. எதற்கென்று அவன் கேட்டதில்லை. டிவி பார்ப்பது மாதிரி அதுவும் ஒரு பொழுதுபோக்கு என்றிருந்தான்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கறம்பக்குடியிலிருந்து பிளெஸ்ஸி வந்தாள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். புவனேஸ்வரியோடு கல் கொடுத்துக் கல் வாங்கிப் பழகியவள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும்படி அவன்தான் போன் செய்திருந்தான்.

பிளெஸ்ஸி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தாள்.

"சார், அந்தச் செவப்புக் கல்லு எங்க? பட்டாணி அளவு இருக்குமே. அக்காவுக்கு உசுரு அது."

"என் தங்கச்சி கார்த்திகா கேட்டுச்சு, குடுத்துட்டேன். மாணிக்கம்னு நெனச்சு மோதிரம் செய்யக் கொண்டுபோச்சு. இது கார்னெட்டுங்குற சாதாக் கல்லு, அதுலயும் விரிசல் விட்டதுன்னு கடையில சொல்லிட்டாங்களாம். மீன் தொட்டியில போட்டுருச்சு."

சொல்லும்போதாவது உள்ளே ஏதாவது உறுத்துகிறதா என்று பார்த்தான். ஒன்றுமில்லை.

"அந்த விரிசலுக்காகத்தான் சார் அக்காவுக்கு அதப் பிடிக்கும். அதே மாதிரி இன்னொண்ணு கெடைக்காதுல்ல."

"நீங்க எதுக்கும்மா சேக்குறீங்க?"

"எனக்கு நெறந்தான் சார். நாள்பூரா ரத்தத்தையே பாக்குறேன். வீட்டுக்கு வந்து ஒரு பச்சக் கல்ல வெளிச்சத்துல பிடிச்சா கண்ணு குளுந்துபோகும். அக்காவுக்கு சேக்குறதவிட தேடுறதுதான் பிடிக்கும். பாப்பா போனதுலேருந்து தலைக்குள்ள ஒரே எரைச்சலாம். பொட்டல்ல குனிஞ்சு தேடுறப்ப மட்டும் அது நிக்குமாம்." கையிலிருந்த பெட்டியை மூடினாள். "ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லியிருக்க முடியாது. பிறந்து பதினோரு நாளில் இறந்த மகளைப் பற்றி அவள் பேச்செடுத்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

"எந்தப் பொட்டல்?" என்று கேட்டான்.

பிளெஸ்ஸியின் ஸ்கூட்டி முன்னால் போக, அவன் பைக்கில் பின்தொடர்ந்தான். ஊரைத் தாண்டிச் செம்மண்ணும் சரளையுமாகப் பொட்டல் விரிந்து கிடந்தது. முதல் நாள் மழை மேல்மண்ணைக் கழுவியிருந்தது.

"வெயிலுக்கு எதிர்த்தாப்ல நடங்க சார். மின்னுறத மட்டும் பாருங்க."

குனிந்து நடந்தான். முதலில் பாட்டில் சில்லு கிடைத்தது. அப்புறம் வெறும் சரளை. அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று கண் மண்ணிலேயே ஊர்ந்தது. ஓரிடத்தில் ஆறு பட்டையும் கூர்முனையுமாக ஒரு படிகம் மண்ணில் செருகி நின்றது. தோண்டியெடுத்துச் சட்டையில் துடைத்தான்.

"இது ஒசந்த கல்லா?"

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பிளெஸ்ஸி வாங்கிப் பார்த்தாள். "இல்ல சார். இங்கிட்டு நெறையக் கெடக்கும். மணி ஒண்ணாச்சு, தெரியுமா?"

தெரியவில்லை. அவன் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"புவனா கடைசியா எப்ப வந்தா?"

"ஆடியில. அடுத்த தடவ ஒங்களையும் கூட்டிட்டு வரப்போறேன்னாங்க."

இப்போது அழுதுவிடுவோம் என்று நினைத்தான். கண் காய்ந்தே கிடந்தது. ஆனால் வயிற்றில் ஏதோ சுருண்டது. அது பசி என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரமானது.

"பசிக்குதும்மா" என்றான்.

கடைத்தெரு ஓட்டலில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டான். ரசத்துக்கு மறுபடி சோறு கேட்டான். பிளெஸ்ஸி அப்பளத்தை அவன் இலைப் பக்கம் நகர்த்தினாள். கை கழுவிவிட்டு வந்தபோது, "பெட்டிகள இன்னிக்கே எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா" என்றான் ஆத்மநாதன். "அடுத்த ஞாயித்துக்கெழம லீவுதானே? வாங்க. பொட்டல்ல மேக்கால போய்ப் பாப்போம்."