ஊரில் இல்லாத பேர்

நயீம் அகமது சாயபுக்கு நாலு பையன்களுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்தபோது, அவரைவிட அதிகமாக சந்தோஷப்பட்டவன் நான்தான். மேல்விஷாரத்தில் அவருடைய தோல் பதனிடும் கிடங்கில் பதினேழு வருஷமாக மேஸ்திரி வேலை பார்க்கிறவன் நான். பேர் ஆதிகேசவன். நாலு பையன்களுக்கும் பேர் தேடி அந்த வீட்டில் நடந்த கூத்தில், தொட்டியில் கிடந்த தோலை யாரும் புரட்டாமல் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். இந்தத் தடவை பேர் முன்கூட்டியே தயார், கிடங்கு நிம்மதியாக நடக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேர் சைரா. அதைத் தேர்ந்தெடுத்தவர் சாயபுவின் மனைவி முனவ்வர் பேகம். அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு தங்கை இருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால், 1918இல் ஊரையே வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சலில், நோயில் கிடந்த அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக் கொடுத்தே அவள் படுத்துவிட்டாள். அக்கா எழுந்தார், அவள் எழவில்லை. அவள் பேர்தான் சைரா. "நாலு புள்ளைக்கும் உங்க வீட்ல பேரு வெச்சீங்க, நான் ஒண்ணும் கேக்கல. பொண்ணு பொறந்தா மட்டும் இந்தப் பேரு" என்று அந்த அம்மாள் கேட்டதும், சாயபு தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ததும் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். சாயபுவுக்கும் அந்தப் பேர் தேனாக இனித்தது. தோல் ஊறவைக்க ஆவாரம்பட்டை அளக்கும்போதுகூட "சைரா, சைரா" என்று முனகிக்கொண்டிருப்பார்.

குழந்தை பிறந்த இரண்டாம் நாள் துணி எடுக்க வேலூர் லாங் பஜாருக்குப் போனார். வந்தது வினை. துணிக்கடை நிசார் அஹமது வாயெல்லாம் பல்லாக, "சைராவா? பலே! எங்க பேத்தி பேரும் அதான்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். சாயபு துணியும் எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. நேராகக் கிடங்குக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"ஆதிகேசவா, நம்ம தோல் மூட்டை மேல இன்னா போடறோம்?"

"மார்க்கு போடறோம், முதலாளி."

"அதே மார்க்க பத்து பேர் போட்டா?"

"மார்க்குக்கு மதிப்பில்ல."

"லண்டன்ல எவனாவது வாங்குவானா?"

"வாங்க மாட்டான்."

"அப்ப என் பொண்ணு?"

பெண் குழந்தையை லண்டனுக்கு ஏலத்துக்கா அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். கேட்கவில்லை.

"ஊர்ல எத்தினி சைரா இருக்குதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். வீடு வீடாகப் போய்க் கேட்டால் கௌரவம் என்ன ஆவது? அதற்கும் அவரே வழி சொன்னார். அந்த ஊரில் குழந்தைக்குப் பேர் வைக்கிற ஏழாம் நாள் அகீகா என்று ஆடு அறுப்பார்கள். பையன் என்றால் இரண்டு, பெண் என்றால் ஒன்று. கறி ஊருக்கு, தோல் மதரசாவுக்கு. மதரசா அந்தத் தோல்களைச் சேர்த்து ஏதாவது ஒரு கிடங்குக்கு விற்கும். அந்த மாதம் எங்கள் முறை. ஒவ்வொரு தோலிலும் மூங்கில் சிம்பு ஒன்று கட்டியிருக்கும். அந்தக் குழந்தைக்காகப் பேர் சொல்லி அல்லாவிடம் துவா கேட்பதற்காக அதில் பேர் எழுதுவார்கள். குழந்தை பேர் மட்டும்தான். தகப்பன் பேர் போட்டால் பெருமைக்குக் கொடுத்ததாக ஆகிவிடுமாம்.

நான் உப்புத் தோல் குவியலுக்குள் இறங்கினேன். அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பதினேழு வருஷத்தில் உருது எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். பத்தொன்பது தோல். ஒவ்வொரு சிம்பாகப் பார்த்துவிட்டு மேலே வந்தேன்.

"ஏழு, முதலாளி."

"இன்னாது?"

"ஏழு தோல்ல சைரான்னு இருக்குது."

சாயபு பட்டை மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "பொண்ணுக்கு ஒரு தோல். ஏழு தோல்னா ஏழு சைரா! ஒரே மாசத்துல! ஐயோ, நாளைக்கி தெருவுல நின்னு கூப்ட்டா எட்டு பொண்ணு ஓடி வரும்டா!" கணக்கில் பிழையே இல்லை. நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

அதன் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் ஒருத்தருக்கும் இல்லாத பேராக வேண்டும் என்றார். பாவம், அந்தப் பெரியவர் மூன்று நாள் தடித் தடியான பாரசீகப் புத்தகங்களைப் புரட்டி, பூ இறைக்கிறவள் என்ற அர்த்தத்தில் குலஃப்ஷான் பேகம் என்று ஒரு பேரை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை சாயபு. "சபையில சொல்லிட்டா ஒத்துக்குவா" என்று என்னிடம் சொன்னார்.

ஏழாம் நாள் சபை நிறைந்திருந்தது. படுதாவுக்குப் பின்னால் பெண்கள் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து முனவ்வர் பேகத்தின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. ஹஜ்ரத் பேரைச் சொன்னார். ஆண்கள் மாஷா அல்லா என்றார்கள். படுதாவுக்குப் பின்னால் சத்தம் அப்படியே நின்றுபோனது. சாயபு எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கே இரண்டு தடவை கொடுத்தார்.

நாலு நாள் கழித்து மதரசா ஆள் ஜான் பாஷா கிடங்குக்கு வந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஊர்ல சைரா ஜாஸ்தியாப் போச்சே, ஏழாமே?" என்று கேட்டேன். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஏழு சைராவா? ஒரே ஒரு சைராதான் மேஸ்திரி. அணைக்கட்டுப் பக்கத்துலேர்ந்து பட்டை வண்டி ஓட்டிக்கினு வருவாரே அப்துல் வஹீத், அவரு பொண்ணு. ஏழு வருசம் புள்ள இல்ல அவருக்கு. வருசத்துக்கு ஒரு குட்டின்னு வேண்டிக்கினு, தானே வளத்து, பொண்ணு பொறந்ததும் ஏழையும் அறுத்து ஊருக்கே போட்டாரு. இது தெரியாதா? உங்க முதலாளி வீட்டுக்குக்கூட ஒரு பங்கு வந்துச்சே!"

சாயபு அந்தக் கறியைத் தின்றிருக்கிறார். யார் வீட்டுக் கறி என்று கேட்கவில்லை. மனைவியின் பிரசவக் கவலையில் இருந்தாராம்!

விஷயத்தைச் சொன்னதும் சாயபுவின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. ஹஜ்ரத்திடம் ஓடினார். "பேரு மாத்தறதுல தப்பில்ல, இன்னைக்கே மாத்தலாம்" என்றார் அந்த நல்ல மனுஷர். சாயபு என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் கூடத்தில் நின்றேன். சாயபு சொன்னதைப் படுதாவுக்கு அந்தப் பக்கமிருந்து முனவ்வர் பேகம் முழுக்கக் கேட்டார். கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"ஏழு பேரு இருக்கட்டுமே. எழுபது பேரு இருந்தா இன்னா? ஊர்ல எந்தத் தெருவுல சைரான்னு கூப்ட்டாலும் என் தங்கச்சிய கூப்ட்ட மாதிரி இருந்திருக்கும் எனக்கு. உங்களுக்கு அது கொறச்சலாப் போச்சு."

"இப்ப மாத்திடலாம் முனவ்வர். ஊர்ல ஒரே ஒரு சைராதான்னு தெரிஞ்சிபோச்சு."

"ஒண்ணுதான்னு தெரிஞ்சதால மாத்தறீங்க. நாளைக்கி பத்தாச்சுன்னா திருப்பி எடுத்துக்குவீங்க. வேணாம். குலஃப்ஷானே இருக்கட்டும். எனக்கு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை வண்டி மட்டும் குடுங்க."

எங்கே போக என்று கேட்க சாயபுவுக்குத் தைரியம் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவரும் கூடவே ஏறிக்கொண்டார். வண்டி அப்துல் வஹீத் வீட்டு வாசலில் போய் நின்றது. ஓலைக் கூரை, மண் சுவர், வாசலில் பட்டைத் தூசி. லண்டன் வரைக்கும் மூட்டை அனுப்புகிற நயீம் அகமது சாயபு, தன்னிடம் பட்டை போடுகிறவன் வீட்டு வாசலில், வண்டிக்குள் வெயிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொல்லி வஹீத் கைகட்டி நின்று கெஞ்சினார். இவர் இறங்கவில்லை. நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து முனவ்வர் பேகத்தின் குரல் வந்தது. "சைரா! அடி சைரா! இங்க பாருடி என் கண்ணு!" குழந்தை ஏதோ கத்தியது. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

சாயபு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஆதிகேசவா, பேர் வெச்ச அன்னியிலேர்ந்து நம்ம வீட்ல இவ இப்டி சிரிச்சி நான் கேக்கல" என்றார்.

ஏழு என்று எண்ணிச் சொன்னவன் நான். யாருடையது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.