மூன்று கோப்புகள் மாறியிருந்தன

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால், வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத்தான் லூசி தம்பியிடம் கேட்டாள்.

"பேசில், ஸ்டேட்டஸ் போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

"போட்டேன்னா போதுமா? என்ன காட்டுது?"

"மூணு பைல் மாறியிருக்குன்னு காட்டுது. மாத்துனவனுக்கே அது சொல்லித்தான் தெரியணுமா?"

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். துறைமுகத்துக் கிடங்குகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. எழுதிய நிரல்கள் அனைத்தும் ஒரு பொது இடத்தில் இருக்கும். அதை எல்லோரும் 'ஸ்டோர்' என்பார்கள். வேலை செய்கிறவர் ஸ்டோரிலிருந்து தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, தன் கணினியில் அதில்தான் கை வைப்பார். முடிந்த பிறகு திரும்ப உள்ளே போடுவார். இடையில் எந்தக் கோப்பு மாறியிருக்கிறது, எது ஸ்டோரில் இருக்கிறபடியே இருக்கிறது என்று கேட்டால் கணினி வரிசையாகச் சொல்லும். அப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் ஸ்டேட்டஸ் போடுவது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்வது லூசியின் பொறுப்பு.

"அப்ப உள்ள போட்டுட்டுக் கிளம்பு."

"ரெண்டு சரியா இருக்குக்கா. மூணாவது அரைவேக்காடு. இப்பப் போட்டா ஸ்டோர் உடைஞ்சிரும், நாளைக்கு எல்லாருக்கும் நான் ரொட்டி சானாய் வாங்கணும். போன வாரம் வாங்குனதே போதும் லா."

அடுத்த மேசையிலிருந்து பாலன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, யோசிக்காம போட்டுருங்க. எனக்கு ரெண்டு ரொட்டி, ஒரு தே தாரிக்."

ஓடாத நிரலை ஸ்டோரில் போட்டு மற்றவர்கள் வேலையைக் கெடுக்கிறவர் மறுநாள் கீழே மாமாக் கடை என்னும் சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் ரொட்டி வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சட்டம் போட்டது யாரென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. தப்பவிடாமல் வசூலித்தது லூசி.

"ரெண்டையாவது போட்டுட்டுப் போயேன்."

"மூணும் ஒரே வேலைக்கா. பிரிச்சுப் போட்டா அசிங்கமா இருக்கும். நாளைக்கு போர்ட் கிள்ளான் கிடங்குக்குப் போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். திங்கட்கிழமை மூணையும் சேத்துப் போடறேன், போதுமா? நீ போ, அப்பா பசியோட இருப்பாரு."

சனிக்கிழமை மதியம் நல்ல மழை. கூட்டரசு நெடுஞ்சாலையில் சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் அவன் மோட்டார் சைக்கிள் வழுக்கி ஒரு லோரிக்கு அடியில் போய்விட்டது. போகும்போதா, வரும்போதா என்று அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போதுதான். வரும்போது என்றால் போன காரியத்தையாவது பார்த்துவிட்டு வந்தான் என்று இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. ரயில்வேயில் காலமெல்லாம் சிக்னல் பார்த்த மனிதர் அவர். ரோசரி கோவிலில் பூசை வைத்து, செராஸ் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்துக் குழியிலேயே அவனை அடக்கம் செய்தார்கள்.

லூசி வேலைக்குத் திரும்பிய காலையில் கால்கள் அவளுடைய மேசைக்குப் போகவில்லை. பேசிலின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். திரை இருட்டாக இருந்தது. உள்ளே இயந்திரம் மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. 'அணைக்கக் கூடாது' என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தான் பாலன். அவள் திரையைப் போட்டு ஸ்டேட்டஸ் அடித்தாள்.

வரிசையாகக் கோப்புகளின் பெயர்கள் ஓடின. ஸ்டோரில் உள்ளபடியே இருக்கிறது, உள்ளபடியே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில். மூன்றுக்கு மட்டும் வேறு பதில்: மாற்றப்பட்டுள்ளது.

மறுநாளும் வந்து அதையே அடித்தாள். அதற்கு மறுநாளும். அதே மூன்று பெயர்கள். மாற்றப்பட்டுள்ளது என்றால் ஒருவர் அதில் கை வைத்திருக்கிறார், இன்னும் முடிக்கவில்லை, வந்து முடிப்பார் என்றுதான் அந்தத் தொழிலில் பொருள். அவர்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க, கோவில் முழுக்க, எல்லோரும் அவனைப் பற்றி நல்ல பையனாக இருந்தான் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சாமியார்கூடப் பிரசங்கத்தில் அப்படித்தான் சொன்னார். அவன் நடுவேலையில் இருக்கிறான் என்று சொல்ல உலகத்தில் அந்த ஒரு இயந்திரம்தான் மிச்சமிருந்தது. வேறு யாருடைய கையும் அதில் பட லூசி விடவில்லை.

முதலாளி காசிவிஸ்வநாதன் நல்ல மனிதர். மேசைப் பக்கம் வந்து, நின்று, இரண்டு தடவை திரும்பிப் போனார். மூன்றாம் தடவை வந்தபோது லூசியே கேட்டாள்.

"என்ன பாஸ்?"

"சங்கடமாத்தான் இருக்கு லூசி. அடுத்த மாசம் புதுசா ஒரு பொண்ணு வருது, ரமணின்னு. வேற மெஷின் இல்ல. இதைச் சுத்தமாத் துடைச்சிட்டுத்தான் கொடுக்கணும்."

"ம்."

"தம்பி செஞ்சது அதுல ஏதாச்சும் இருந்தா எடுத்து உள்ள போட்டுருங்க. உங்களால முடியலன்னா சொல்லுங்க, பாலனைப் பாக்கச் சொல்றேன்."

"நானே பாக்கறேன் பாஸ்."

"அவசரமில்லம்மா." கதவு வரை போனவர் திரும்பினார். "மாசக் கடைசிக்குள்ள."

துடைத்துவிட்டால் ஸ்டோரில் போடாதது எதுவும் இருக்காது. அது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே அவள் சொல்லும் வாசகம் அது: உள்ள போடாதது இல்லாதது.

அப்படியும் நாள் ஓடியது. துடைக்கும் ஆள் மறுநாள் வருவதாக இருந்த மத்தியானம்தான், சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே போன நேரத்தில், அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பாலன் மட்டும் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதல் கோப்பைத் திறந்து, ஸ்டோரில் உள்ளதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். பெட்டிகளின் எடையைக் கூட்டும் இடத்தைப் பேசில் திருத்தியிருந்தான். பெரிய பெட்டிக்கு ஒரு கணக்கு, சின்னப் பெட்டிக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, இரண்டுக்கும் நடுவில் தேவையில்லாமல் நிறைய இடம் விட்டிருந்தான். "எதுக்குடா இவ்வளவு வெற்றிடம், தாள் என்ன உன் மாமனார் வீட்டுச் சீதனமா?" என்று அவள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். மூச்சு விட வேண்டாமாக்கா என்பான்.

இரண்டாவது கோப்பும் முழுசாக இருந்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

"போட்டுருங்கக்கா," என்றான் பாலன்.

லூசி கட்டளையை அடித்துவிட்டாள். அனுப்பும் விசை மேல் விரலை வைத்தபோது பாலன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, இங்கேர்ந்து போட்டா அண்ணன் பேருதான் விழும்."

"தெரியும்."

"தேதி இன்னைக்குத் தேதி விழுமே."

அவளுக்கு அதுவும் தெரியும். தெரிந்துதான் விரலை வைத்திருந்தாள். எந்தக் கோப்பை யார், என்றைக்கு உள்ளே போட்டார் என்று ஸ்டோர் குறித்துக்கொள்ளும். அந்த விசையை அழுத்தினால், பேசில் இன்றைக்கு வேலைக்கு வந்ததாக அதில் ஏறிவிடும். லூசியைத் தவிர யார் அதைப் போய்ப் படிக்கப் போகிறார்கள்? ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. விரல் அங்கேயே இருந்தது. வெளியே சாலையில் ஒரு பஸ் வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

பிறகு அவள் அடித்ததை அழித்தாள். இரண்டு கோப்புகளையும் தன் கணினிக்கு எடுத்துப் போய், தன் பெயரிலேயே ஸ்டோரில் போட்டாள். குறிப்பு எழுதும் இடத்தில், பேசில் எழுதியது, லூசி உள்ளே போட்டது என்று எழுதினாள். கண் கலங்கி எழுத்துக்கள் தெரியாததால் இரண்டு முறை திருத்த வேண்டியிருந்தது.

திரும்ப வந்து, பேசிலின் பிரதியை ஸ்டோரோடு சரிசெய்துவிட்டு ஸ்டேட்டஸ் போட்டாள். மாறிய மூன்றில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அந்த ஒன்றைத் திறந்தார்கள். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்குக்கு அன்றாடம் சாயங்காலம் அச்சாகும் அறிக்கை அது. வரிகள் ஒரு தாளைச் சரியாக நிரப்பிவிடும் நாட்களில், கடைசியில் வரவேண்டிய மொத்தம் இடமில்லாமல் அடுத்த தாளில் தனியாகப் போய் விழும். அதைச் சரிசெய்யத்தான் முனைந்திருந்தான். 'பக்கம் நிரம்பிவிட்டால்' என்று ஒரு நிபந்தனை தொடங்கியிருந்தது. திறந்த அடைப்புக்குறி மூடவில்லை. அதற்குக் கீழே, அவன் வழக்கப்படி, வெற்றிடம். நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்பதை அவன் எழுதவில்லை.



"அரை நாள் வேலைதான்க்கா," என்றான் பாலன். "நான் முடிச்சுத் தரேன்."

லூசி திரையில் அந்த நிபந்தனை வரியை விரலால் தொட்டாள்.

"இல்லையா, அப்படியே தூக்கி உள்ள போடுங்க. உடைஞ்சா உடையட்டும். நாளைக்கு ரொட்டி என் கணக்கு. பாஸுக்கு முட்டை போட்டே வாங்கித் தரேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. அது பாதியில் வேறாக மாறியது. பாலன் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று, கீழே தையல் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் தடவையாகப் பார்க்கிறவன்போலப் பார்த்தான். அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினான்.

"வேணாம் பாலா. உடைஞ்சதை உள்ள போடறதுக்கு அவன் ஒத்துக்கிட்டதே இல்ல."

"அப்ப நான் முடிக்கறேன்."

"அதுவும் வேணாம்."

"ஏன்க்கா?"

"நீ முடிச்சா முடிஞ்சிரும்."

பாலன் நாற்காலியைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

மேசை இழுப்பறையில் வெற்று டிஸ்க் ஒன்று கிடந்தது. அதில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று லூசி கையில் எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அலமாரியில் அவன் சட்டைகளோடு இருக்கும். திறந்து பார்க்க அங்கே கணினி கிடையாது. ஆனாலும் நாள்தோறும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அப்பா என்ன அது என்பார். டிஸ்க்கை இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையைச் சாத்தினாள்.

மூன்றாவது கோப்பை அழித்தாள். ஸ்டோரிலிருந்து பழையதை இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். கடைசியாக ஒரு முறை ஸ்டேட்டஸ் போட்டாள். மேலிருந்து கீழ்வரை ஒரே பதில். அவள் இயந்திரத்தை அணைத்தபோது, இத்தனை நாளும் அந்த அறையில் ஓர் இரைச்சல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

ரமணி வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி. மழலை மாறாத குரலில் எல்லோரையும் கேலி செய்வாள். முதல் மாதத்திலேயே ஸ்டோரை உடைத்து ரொட்டியும் வாங்கித் தந்தாள். கிடங்கு நிரல்கள் பிறகு எத்தனையோ தடவை மாறின. அந்த அறிக்கையைப் பற்றிக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி தம்புசாமி ஒரு தடவை போன் செய்தார். லூசிதான் எடுத்தாள். பார்ப்பதாகச் சொன்னாள்.

"ஒரு தாள்தானேம்மா, பரவால்ல லா. கிழிச்சுப் பின்னால குத்திக்கறேன்," என்றார் அவர்.

பக்கம் நிரம்பும் நாட்களில் போர்ட் கிள்ளானில் மொத்தம் இன்னமும் அடுத்த தாளில்தான் விழுகிறது.