குளத்தின் அடியில் எழுதிய வரி

அந்தப் பொழுதுபோக்குக் கூடத்து நீச்சல்குளத்தில் எல்லாரும் அவளை விசிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யாராவது தண்ணீரில் தத்தளித்தால் குதித்துக் கரை சேர்ப்பது அவள் வேலை. பதினான்கு வருடத்தில் குதித்தது ஆறே தடவை. மற்ற நேரமெல்லாம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, விசிலைப் பல்லில் கடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துப் பார்த்து அவள் கண்ணில் நீலம் படிந்துவிட்டது என்று அண்ணன் கேலி பண்ணுவான்.

அண்ணன் அச்சகம் வைத்திருந்தான். பிரார்த்தனை மன்றத்துக்குச் செயலாளரும் அவன்தான். சுத்தம் செய்வதற்காகக் குளத்தை வடித்திருந்த வாரத்தில் மேலாளரிடம் பேசி மன்றத்துக்கு ஒரு விளம்பர இடம் பிடித்தான். சுவரையெல்லாம் சோப்பும் குளிர்பானமும் முன்பே பிடித்துவிட்டதால் மிச்சம் இருந்தது தரைதான். ஆழமான பகுதியின் அடியில், வெள்ளை ஓட்டின்மேல், ஆள் உயரத்துக்கு எழுதினார்கள்: 'ஒருவர் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.' அதன் கீழே மன்றத்தின் பெயர்.

தண்ணீர் நிரம்பியதும் அந்த வரிக்கு உயிர் வந்துவிட்டது. வெயில் விழுந்தால் எழுத்துகள் நெளிந்தன. மேலே யாராவது நீந்திப் போனால் கலைந்து மிதந்து, பிறகு தூக்கம் கலையாதவை போல ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. விசிலக்காவும் மன்றத்துக்குப் போகிறவள்தான். நாற்காலியிலிருந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அந்த ஒருத்தர் நீங்கதானாக்கா?" என்று நீந்த வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

தினமும் காலையில் கதவு திறந்ததும் ஒரு தையற்காரி வருவாள். முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு, நீளத் துணியைக் கத்தரிப்பதுபோல் நேர்கோட்டில் போய்த் திரும்புவாள். அவள் நீந்துவதைப் பார்த்தால் விசிலக்காவுக்கே கண் சொக்கும். எழுத்து வந்த பிறகு அவள் மல்லாந்துதான் நீந்தினாள். ஆழமான பகுதி வருமுன்பே திரும்பியும் விடுவாள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு விசிலக்கா கேட்டாள். "கழுத்து வலியாம்மா?"

"இல்லக்கா. கீழ பாக்கப் பிடிக்கல." தையற்காரி துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "வீட்ல மாமியார் பாத்துக்கிட்டே இருக்காங்க. கடையில முதலாளி கேமரா வச்சுப் பாக்குறார். இந்த ஒரு மணி நேரம்தான் என்னை யாரும் பாக்கலன்னு வந்துட்டிருந்தேன். இப்ப அடியிலயும் ஒருத்தர்."

"நான்கூடத்தான் மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன்."

"நான் முங்கிடக் கூடாதேன்னு பாக்குறீங்க. நல்லவளா கெட்டவளான்னு பாக்கலியே."

"அது அன்பா சொன்ன வார்த்தைம்மா."

"இருக்கலாம்க்கா. உங்களுக்கு அப்படிக் கேக்குது."

மறுநாள் கூடம் திறப்பதற்கு முன்பு விசிலக்கா தண்ணீரில் இறங்கினாள். மூச்சை நிறைத்துக்கொண்டு அடிவரைக்கும் போனாள். மேலே சன்னல்கள் வெள்ளித் தகடுகளாய் ஆடின. சத்தமெல்லாம் எங்கோ விட்டுப்போயிற்று. எழுத்துகள் வீட்டு மனிதர்கள் மாதிரி அவளைச் சுற்றி அசைந்தன. ஒன்றின் வளைவைக் கையால் தடவினாள். புருஷன் இறந்த பிறகு, மன்றத்தில் கேட்ட இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். தன்னைத் தாலாட்டுகிற இதே சொல் இன்னொருத்தியைத் துரத்துகிறது என்பது அங்கே, அந்த நீல அமைதியில், அவளுக்குப் புரிந்தது. மூச்சு முட்டி மேலே வந்தாள்.

அன்று மாலையே அச்சகத்துக்குப் போனாள்.

"அண்ணா, அந்த எழுத்தை எடுத்துடலாம்."

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். "சோப்பு இருக்கலாம், சாமி இருக்கக் கூடாதா? நீயே இப்படிச் சொன்னா ஊரு என்ன சொல்லும்?"

"சோப்பு வாங்கச் சொல்லுது. பிடிக்கலன்னா மூஞ்சியத் திருப்பிக்கலாம். முங்கி நீந்துறவ எங்க திருப்புவா?"

"அப்ப நம்பிக்கைய ஒளிச்சு வைக்கணுமா?"

"மன்றத்துக் கதவு திறந்துதானே இருக்கு? நான் என் கால்ல நடந்துதான் அங்க வந்தேன். நீ என் வீட்டுச் சுவத்துல எழுதி வைக்கலியே."

அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். மூன்று வாரம் எதுவென்றாலும் அண்ணி வழியாகத்தான் சொல்லியனுப்பினான். அண்ணி அவற்றில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சொன்னாள்.

ஒரு விடியற்காலையில் அவனே வந்து நின்றான். இடுப்பில் பழைய கால்சட்டை. "அந்தத் தண்ணியில அப்படி என்னதான் இருக்கு, காட்டு."

நீச்சல் தெரியாதவன். அவனைச் சாய்த்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள். முதலில் விறைத்துக்கொண்டு கிடந்தான். காது தண்ணீருக்குள் போனதும் கை தளர்ந்தது, கால் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் நீரில் போட்ட காகிதம் போல மெதுவாக விரிந்தது. கூரையில் ஒளி வலை பின்னிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"பிரஸ் சத்தம் கேக்கல பாப்பா," என்றான் கடைசியில். "தூக்கத்துலகூட ஓடிக்கிட்டே இருக்குமே. இங்க வர்றவங்க எல்லாம் இதுக்குத்தான் வர்றாங்களா?"

"பாதிப் பேர். மீதிப் பேர் சறுக்கி விளையாட."

அவனை ஒரு மிதவையைப் பிடிக்க வைத்து ஆழமான பகுதிக்கு இழுத்துப் போனாள். நீந்துகிறவர்களின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். அவன் ஆசையாக வடிவமைத்த எழுத்துகள் அடியிலிருந்து அசைந்து அசைந்து எழும்பி வருவதுபோல் இருந்திருக்க வேண்டும். சட்டென்று தலையைத் தூக்கிவிட்டான்.

"இவ்வளவு பெருசா எழுதியிருக்க வேணாம்," என்றான்.

அடுத்த முறை குளத்தை வடித்தபோது எழுத்துகளைச் சுரண்டி எடுத்தார்கள். நடன வகுப்பும் இசைக் கச்சேரியும் அறிவிக்கிற வாசல் பலகையில் உள்ளங்கை அளவுக்கு மன்றத்தின் அட்டை ஒன்று இடம் பெற்றது. நின்று படிக்க விரும்புகிறவர்கள் படித்தார்கள். மன்றத்தில் இரண்டு பேர் விசிலக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார்கள். அவளுக்கு அது வலித்தது. ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறாமல் போய், அவர்களுக்குப் பின்வரிசையிலேயே உட்கார்ந்தாள். வெறும் தரையைப் பார்க்கிறபோது சில நாள் அவளுக்கு வெறிச்சென்றும் இருந்தது.

அண்ணன் இப்போது புதன்கிழமைகளில் வருகிறான். இன்னும் அவனுக்கு நீச்சல் வரவில்லை. கை காலை விரித்து, கண்ணை மூடி, மிதக்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறான்.