இடது பின் ஸ்பீக்கர்

அருள்புரத்தில் நிட்டிங் கம்பெனி வைத்திருந்த குமாரவேலின் மனைவி ஜெயசுதாவுடைய குரல், ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அவள் தொண்டையை விட்டு நீங்கி, மாடியறையில் இருந்த இடது பின் ஸ்பீக்கருக்குக் குடிபோனது. அன்று இடி மின்னல் எதுவும் இல்லை. கரண்ட் ஒழுங்காக இருந்தது. கீழே கம்பெனியில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துச் சந்தில் துணி லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றதால் ஹாரன் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அந்த ஸ்பீக்கர் அங்கே வந்து சேரப் பல வருஷம் ஆயிற்று. பல்லடம் ரோட்டில் காயலாங்கடை வைத்திருக்கும் ராஜா முகமது, பழைய எக்ஸ்போர்ட்டர் ஒருவரின் கெஸ்ட் ஹவுஸை இடித்தபோது கிடைத்த ஒரு டேப் பிளேயரை, நண்பராயிற்றே என்று குமாரவேலிடம் தூக்கிக்கொண்டு வந்ததில் ஆரம்பித்தது எல்லாம். முகப்பில் நான்கு முள் மீட்டர்கள் இருந்த அந்தப் பெட்டி, எழுபதுகளில் வெளிநாட்டில் சில வருஷங்கள் மட்டும் செய்து, வாங்க ஆளில்லாமல் கைவிட்ட நாலு சேனல் சாமான். மற்ற டேப் பிளேயரில் பாட்டு எதிரிலிருந்து மட்டும் வரும். இதில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு ஸ்பீக்கரை நாலு மூலையில் வைத்து நடுவில் உட்கார்ந்தால், வயலின் ஒரு மூலையிலும் மேளம் இன்னொரு மூலையிலுமாக வாத்தியக்காரர்களுக்கு மத்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். உள்ளே பெல்ட் எல்லாம் உருகித் தாராகிக் கிடந்தது. குமாரவேல் அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது ரப்பர் வெட்டிப் போட்டு, உப்பியிருந்த கண்டென்சர்களை மாற்றி, மெஷினுக்கு விடுகிற வெள்ளை எண்ணெயையே சொட்டு விட்டு ஓட வைத்தார். ஓடியதும் அவருக்கு வேறு எதுவும் ரசிக்காமல் போயிற்று. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பழைய நாலு சேனல் பெட்டிகளைத் தேடி வாங்கி, பிரித்து, பூட்டி, மாடியறையை நிரப்பினார். அவரிடம் இருந்ததில் உயர்ந்த செட்டுக்கு இடது பின் ஸ்பீக்கர் மட்டும் ஜோடி கிடைக்காமல் இருந்தது. அந்த மூலையில் ஒரு ரேடியோ ஸ்பீக்கரை ஒப்புக்கு வைத்து, அதையே நினைத்து நினைத்துக் குமைந்துகொண்டிருந்தார்.

ஜெயசுதா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். ஷெட்டின் இந்தக் கோடியில் நின்று அவள் ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், அத்தனை தையல் மெஷின் இரைச்சலையும் தாண்டி அந்தக் கோடியில் இருப்பவள் தலையைத் தூக்குவாள் என்று அப்போது கூட வேலை செய்த ராஜா முகமதின் தங்கை மெஹ்ஜபின் இன்றைக்கும் சொல்வாள். கல்யாணமான பின் அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. குமாரவேல் முதுகை வாசலுக்குக் காட்டி நடு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வாசல் அவருக்கு இடது பின்பக்கம். அங்கே நின்று அவள் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும், திரும்பிப் பார்க்காமல் வலது கையைத் தூக்குவார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். மகள் அனுப்ரியா வயசுக்கு வந்ததை, நூல் வண்டி வந்து நிற்பதை, சென்னிமலைக்குப் போக வேண்டியதை எல்லாம் அவள் அந்தக் கையிடம்தான் சொன்னாள். மெஹ்ஜபின் சொந்தமாக யூனிட் போட நினைத்து, பங்காளியாக வருகிறாயா என்று கேட்டபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று மாடியேறி வந்து சொன்னதும் அந்தக் கையிடம்தான். மெஹ்ஜபின் ஒரு மாதம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டாள். அவள் யூனிட் வளர்ந்து, ஆள் ஏற்ற இரண்டு வேன் ஓடுகிற அளவுக்கு வந்தது. அந்த வேன்கள் தினமும் காலையில் ஜெயசுதாவின் வீட்டைத் தாண்டித்தான் போயின.

ஜோடி ஸ்பீக்கர் கடைசியில் ராஜா முகமதுக்கே ஒரு லோடு பழைய சாமானுக்குள் அகப்பட்டது. குமாரவேல் அதன் காகிதக் கூம்பை ஒட்டிச் சரிசெய்து, அந்தப் புதன்கிழமை காலை ஒயர் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து டேப்பை ஓட விட்டார். அந்த நேரத்தில் ஜெயசுதா வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மெஹ்ஜபின் மறுக்காவும் கூப்படறா. பல்லடத்துல புதுசா யூனிட் போடறாளாமா. லைனைப் பாத்துக்க என்னைய வரச் சொல்றா. போகட்டுங்களா?"

குமாரவேல் கையைத் தூக்கினார். தூக்கிய அந்த நொடியில், பேச்சின் பாதியில், குரல் வாசலை விட்டு நகர்ந்து ஸ்பீக்கருக்குள் போய்விட்டது. லைனைப் பாத்துக்க என்பதிலிருந்து மீதி எல்லாம் பெட்டியிலிருந்துதான் வந்தது. குமாரவேல் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"பின்னாடி சேனலு என்னமாப் பிரிஞ்சு வருது பாரு" என்றார்.

டேப் முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஜெயசுதா சமையலறையில் வாயசைத்தால் பேச்சு மாடியில் கேட்டது. கீரைக்காரி மாடியைப் பார்த்துப் பேரம் பேசிவிட்டுப் போனாள். கோயமுத்தூரில் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று வெந்நீர் குடிக்கச் சொன்னார். குமாரவேல் தனக்குத் தெரிந்த வழியில் முயன்றார். ஒயரை மாற்றிக் கொடுத்தார், மூலையை மாற்றினார், ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். குரல் அந்தப் பெட்டியை விட்டு அசையவில்லை. ஒருமுறை ஒயரைக் கழற்றிப் பார்த்தார். ஜெயசுதா எதிரில் நின்று வாயைத் திறந்தாள், உலகத்தில் எங்கேயும் சத்தம் வரவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஒயரை உடனே திரும்பப் பூட்டினார். அதற்கப்புறம் அந்த ஆம்ப்ளிஃபயரை அவர் அணைத்ததில்லை. கரண்ட் போனாலும் நிற்காதபடி இன்வர்ட்டர் வாங்கி வைத்தார். அக்கம்பக்கத்தில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். அப்புறம் தீபாவளி ஆர்டர் வந்தது, பேச நேரமில்லாமல் போயிற்று.

அனுப்ரியா பெங்களூரிலிருந்து போன் செய்தால், போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. குமாரவேல்தான் பிடித்தார். ஜெயசுதா அவருடைய நடு நாற்காலியில் உட்கார்ந்து வாயசைப்பாள். பேச்சு அவர் கைக்குக் கீழே பெட்டியிலிருந்து வரும். மனைவி ஒரே மூச்சில் அரை மணி நேரம் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பழைய வேலையை மறுபடி பார்க்க அப்பாவிடம் கேட்டதுண்டா என்று மகள் விசாரித்தாள்.

"கேட்டேன் கண்ணு. முன்ன ஒருக்கா, இப்ப ஒருக்கா. ரெண்டு தடவையும் கையைத் தூக்குனாரு."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னாள். குமாரவேலின் வலது கை அப்போதும் போனைப் பிடித்தபடி உயர்ந்துதான் இருந்தது. கீழே இறக்கினால் மகளுக்குக் கேட்காது. பேச்சு முடிகிறவரை அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவள் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது சமையலறைக்குள் போனார். அவர் அங்கே போவது அரிது. எங்கே நிற்பது என்று கூடத் தெரியவில்லை.

"நான் தப்புப் பண்ணீட்டன் சுதா. மெஹ்ஜபின்கிட்ட நீ போ. என்னைய மன்னிச்சுட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

ஜெயசுதா மிக்ஸியை நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். நீளமாகப் பேசினாள். நடுவில் ஒருமுறை கண் கலங்கியது, ஒருமுறை சிரித்தது போலவும் இருந்தது. பதில் மாடியில் போய்க்கொண்டிருக்கிறது என்பது குமாரவேலுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் படிகளில் ஓடினார். செருப்பு ஒன்று பாதியில் கழன்று விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது பேச்சு முடிந்துவிட்டிருந்தது. கடைசியாக ஒரு 'ங்க' மட்டும் காதில் விழுந்தது. அதை வைத்து என்ன தெரியும். கொங்குச் சீமையில் திட்டினாலும் 'ங்க', மன்னித்தாலும் 'ங்க'. அவர் கீழே இறங்கி வந்து, இன்னொரு தடவை சொல் என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மிக்ஸியைப் போட்டாள். என்ன சொன்னாள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை ஜெயசுதா டிபன் பாக்ஸோடு வாசலில் நின்று கை காட்டி மெஹ்ஜபினின் வேனை நிறுத்தி ஏறிக்கொண்டாள். குரல் வீட்டிலேயே இருந்தது. பல்லடம் யூனிட்டில் அவள் கைதட்டியும், மேஜையில் ஸ்கேலால் தட்டியும், தோளைத் தொட்டுத் திருப்பியும் வேலை வாங்கினாள். ஆனாலும் பழக்கத்தில் வாய் பேசத்தான் செய்தது. அங்கே அவள் பேசியதெல்லாம் அருள்புரத்தில் மாடியறையில் கேட்டது. குமாரவேல் கம்பெனியை ஃபிட்டரிடம் விட்டுவிட்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். டேப் எதுவும் போடுவதில்லை. ஓவர்லாக் மெஷினில் நூல் அந்து போயிருக்கிறது பார் என்றாள். அந்தக் காலர் கோணல், பிரித்துத் தை என்றாள். சாப்பாட்டு நேரத்தில் யாருக்கோ தன் ரசத்தை ஊற்றிக் கொடுத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். எல்லாம் மற்றவர்களுக்கான பேச்சு. அவர்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை, இவருக்கு மட்டும் கேட்டது. இது போதும் என்றுகூடச் சில சமயம் அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பின்னால் ரொம்ப வருத்தப்பட்டார்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் ஸ்பீக்கர் அலறியது.

"துப்பட்டா, கண்ணு, துப்பட்டா. மெஷினை நிறுத்து. யாராச்சும் நிறுத்துங்க."

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. குமாரவேல் எழுந்து நின்றார். யாருடைய துப்பட்டா, எந்த மெஷின் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. மெஹ்ஜபினுக்குப் போன் போட்டார். இரைச்சலில் அவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது எடுத்தாள், எடுத்தும் பிரயோஜனம் இல்லை. அதற்குள் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் துப்பட்டா மேஜைக்கடியில் மோட்டாரில் சுற்றி, ஆளை இழுத்து மெஷின்மேல் அறைந்துவிட்டது. ஜெயசுதா ஷெட்டின் மறுகோடியிலிருந்து முன்கூட்டியே பார்த்திருக்கிறாள். பார்த்து, கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள். அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. தோளெலும்பு முறிந்தது, முன்பல் போயிற்று, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். சாயந்தரம் வேனிலிருந்து இறங்கிய ஜெயசுதாவின் ரவிக்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. குமாரவேல் மாடிக்குப் போய் நாலு ஸ்பீக்கரையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

விடிந்ததும் ராஜா முகமதின் குட்டியானை லோடு வண்டியில் இடது பின் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஏற்றினார். ராஜா முகமது, செட்டைக் கலைக்கிறீங்களே அண்ணா, இந்த மாதிரி இன்னொன்று இந்தப் பக்கத்திலேயே இல்லையே என்று வருத்தப்பட்டார்.

"அது என்ற செட்டு இல்லீங்க பாய்" என்றார் குமாரவேல்.

வழியெல்லாம் பெட்டிக்கு மின்சாரம் இல்லாததால், அந்த நேரம் ஜெயசுதாவுக்கு எங்கேயும் குரல் இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் குமாரவேல் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். யூனிட்டில் அயர்ன் மேஜைக்கு மேலே, தூசி குறைவாகப் படிகிற மூலையில் பலகை அடித்து அதை ஏற்றி ஒயர் கொடுத்தார். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஜெயசுதா நடுவில் நின்று ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஷெட்டின் கடைசியில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு இன்னொரு பேர், இன்னொரு தலை. மெஹ்ஜபின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குமாரவேல் ஸ்டூல்மேல் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றபடி கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலின் முழு உயரத்தை அவர் கேட்டதே இல்லை. வீட்டில் அது எப்போதும் பாதியில் நின்றுவிடுகிற குரலாகத்தான் இருந்தது.

இப்போது எல்லாம் வழக்கமாகிவிட்டது. துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்காக ஆடிட்டுக்கு வந்தவர்கள் தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றோடு அதையும் அறிவிப்பு ஒலிபெருக்கி என்று எழுதிக்கொண்டு போனார்கள். புதிதாகச் சேருகிற பெண்களுக்குப் பாத்ரூம் எங்கே, டீ எத்தனை மணிக்கு என்று சொல்லும்போது, அக்கா பேச்சு அந்த மூலையிலிருந்து வரும் என்பதையும் இந்தியில் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சரி என்று தலையாட்டுகிறார்கள். தோள் குணமான ஒடிசாப் பெண் பொங்கலுக்கு ஸ்பீக்கருக்குச் சந்தனம் வைத்தாள். மாடியறையில் மூன்று மூலையில்தான் பாட்டு கேட்கிறது. அறையைச் சுற்றி வருகிற வாத்தியம் இடது பின்பக்கம் வந்ததும் பள்ளத்தில் இறங்கியதுபோல் மறைந்து, கொஞ்சம் கழித்து மறுபக்கம் ஏறி வருகிறது. சென்னையில் ஒருவர் அதே ஜோடி ஸ்பீக்கர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லியும் குமாரவேல் வேண்டாமென்றுவிட்டார்.

மாதம் ஒருமுறை அவர் டவுன் பஸ்ஸில் பல்லடம் போய், கூம்பில் படிந்த பஞ்சைப் பெயிண்டர் பிரஷ்ஷால் தட்டி, ஒயர் முனைகளைத் துடைத்துவிட்டு வருகிறார். வேலை முடிந்த பிறகும் உடனே கிளம்புவதில்லை. லைனுக்கு ஓரமாக, கட்டிங் துணி வருகிற வழியில் நிற்பார். தலைக்கு மேலே அவள் எல்லோரையும் பேர் சொல்லி வேலை வாங்கிக்கொண்டிருப்பாள். போன தடவையும் அப்படித்தான் நின்றிருந்தார். துணிக்கட்டோடு தள்ளுவண்டி வந்தது. ஜெயசுதா ஷெட்டின் மறுகோடியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பீஸு போகோணும்."

குமாரவேல் உடனே தள்ளி நின்றார்.