நெருப்பில் அழுக்கு

டப்பாவுக்குள் இருந்த நீல மணிகளில் ஓரத்தில் கிடந்தவை வெளுக்கத் தொடங்கியிருந்தன. தையல்நாயகி டப்பாவை ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் மணிகள் அவை. காய்ந்திருக்கும்வரை மயில்கழுத்து நிறம். ஈரம் ஏற ஏற வெளுத்து, கடைசியில் இளஞ்சிவப்பாகிவிடும். குஜராத்திலிருந்து ரயிலில் வந்த அத்தனை தூரமும் நிறம் அப்படியே இருந்தது. சொந்த ஊரான நெடுங்காட்டில், அந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கார்த்திகை மழையில் சுவரெல்லாம் வேர்த்துக் கிடந்த இந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் மாறுகிறது. மணிகளின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு ரூபாய்க் காசு அளவில் சிலிக்கான் வில்லை. அதன் ஒரு பக்கம் கண்ணாடி போல மின்னும். அந்தப் பக்கத்தில்தான் அவளுடைய நான்கு வருஷம் படிந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாத கனத்தில்.

கட்டிலில் அம்மா கமலாம்பாளின் கண்கள் திறந்திருந்தன. பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம். முதலில் பேச்சு குழறியது, பிறகு அதுவும் நின்றது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கண் எதையும் பார்ப்பதில்லை, சும்மா திறந்திருக்கிறது என்று, தந்தி கிடைத்து அவள் வந்து இறங்கியவுடனேயே தம்பி பூமிநாதன் சொல்லியிருந்தான். ஆனால் டப்பா வெளிச்சத்தில் திரும்பியபோது அந்தக் கண்களும் கூடவே திரும்பின. மினுக்கத்துக்குத்தான் என்று தையல் நினைத்துக்கொண்டாள். கைக்குழந்தைகூடத் திரும்பும். மூடியை அழுத்தி மூடி, பீரோவின் மேல் வைத்தாள். கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த தம்பி மனைவி அமுதம் நிலைப்படியிலேயே நின்று, மாமியாரின் கண்களையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்நாயகி வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய எஃகு வளையம் இருந்தது. உட்கூடான வளையம். உள்ளேயிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஹைட்ரஜனை விட்டு, மின்சாரத்தைப் பாய்ச்சி, எந்தப் பாத்திரமும் தாங்காத சூட்டுக்குக் கொண்டுபோவார்கள். பிளாஸ்மா என்று பெயர். அதைச் சுவரில் படாமல் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்துவைத்திருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் ஓரத்தில் அது எப்படியும் உரசிவிடும். உரசிய இடத்திலிருந்து இரும்பும் குரோமியமும், சுவரில் ஒட்டிக்கிடந்த ஆக்ஸிஜனும் பெயர்ந்து உள்ளே போகும். கொஞ்சம் போனாலே போதும், சூட்டையெல்லாம் ஒளியாக வாரி இறைத்துவிட்டு எல்லாம் அவிந்துபோகும். அந்த ஓரத்தில் என்ன மிதக்கிறது, எவ்வளவு மிதக்கிறது என்று அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்ததில் இரும்புக்கே உரிய கோடுகள் தெரிந்தன. கோடுகளை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது என்றுவிட்டார் அவளுடைய பேராசிரியர். அதனால் ஒரு கம்பியின் நுனியில் இந்த வில்லையைப் பொருத்தி, பிளாஸ்மாவின் ஓரம்வரை நீட்டி, அங்கே திரிந்ததை இதன்மேல் படியவிட்டாள். கையால் தொட்டதில்லை, இடுக்கியால் மட்டும்தான். அதற்குப் பிறகு வளையத்தைத் திறந்து உள்ளே எஃகு இருந்த இடத்தில் கரித்தகடுகளைப் பொருத்திவிட்டார்கள். பழைய சுவருக்கு மிச்சமிருந்த சாட்சி இந்த வில்லை ஒன்றுதான். சென்னைப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் இதைச் சோதித்துப் பார்க்க வரும் செவ்வாய்க்கிழமை நாள் கொடுத்திருந்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தந்தி வந்தது.

லீவில் வரும்போதெல்லாம் அம்மா கேட்பாள்.

"அங்க அப்படி என்னதான்டி பாக்குற?"

"சொன்னா புரியாதும்மா."

ஒரு தீபாவளிக்கு, அம்மா அடுப்படியில் அதிரசம் தட்டிக்கொண்டே மறுபடி கேட்டபோது, எரிச்சலில் சொல்லிவிட்டாள்: "நெருப்புல இருக்கற அழுக்கப் பாக்குறேன், போதுமா?" அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமும் ஆகாமல் வடக்கே என்ன செய்கிறாள் என்று தெருவில் யார் கேட்டாலும், "நெருப்புல அழுக்கு பாக்குற உத்தியோகம்" என்பாள். "அதுக்கு குஜராத்து போவணுமா கமலா, எங்க வீட்டு அடுப்புல இல்லாத அழுக்கா?" என்று சிரிப்பார்கள். அம்மா சிரிக்கமாட்டாளாம்.

மறுநாள் போலகத்திலிருந்து பெரியம்மா அஞ்சுகம் வந்தாள். தங்கையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். மூச்சு நடுவில் நின்று, எல்லாரும் குனிந்து பார்க்கும்வரை காத்திருந்து, மறுபடி இழுத்தது.

"உசுரு எதுலயோ சிக்கிக்கிட்டு நிக்கிது. ஏக்கத்தத் தீக்காம போவாது" என்றாள்.

பூமிநாதன் வடக்கு வயலுக்குப் போய் ஒரு பிடி மண் எடுத்துவந்தான். தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் வாயில் மூன்று சொட்டு ஊற்றினார்கள். கடைவாய் வழியே வழிந்தது. மண் ஆசை இல்லை என்று ஆயிற்று. சந்தனக்கல்லில் தாலிப்பொன்னை உரசி ஊற்றினார்கள். பிறகு வெள்ளிக் காசு. ஒவ்வொன்றுக்கும் பிறகு அறையே அந்த நெஞ்சைப் பார்த்துக் காத்திருந்தது. அது ஏறி இறங்கியது.

"மண்ணுமில்ல, பொன்னுமில்ல" என்று அஞ்சுகம் பாலாடையைக் கீழே வைத்தாள். "வேற என்ன? முப்பத்திரண்டு வயசுல கண்ணு முன்னாடி நிக்கிதே, அதத்தான் நெனச்சிக்கிட்டுக் கெடக்கா. அத எந்தக் கல்லுல ஒரசி ஊத்துறது?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சும்மா இருங்க பெரியத்த" என்றாள் அமுதம்.

தையல் சுவரைப் பார்த்து நின்றாள். இப்படி எதையாவது கரைத்து ஊற்றுவது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருந்தது? எட்டு மாதமாக அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து வைத்தவள் அமுதம். தையல் மாதாமாதம் பணம் அனுப்பினாள். அதுவும்கூட அவளை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. அந்த நெஞ்சு இறங்கும்போதெல்லாம், செவ்வாய்க்கிழமைக்குள், செவ்வாய்க்கிழமைக்குள் என்று தன் மனம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கேட்டுவிட்டாள். ஒருமுறை கேட்ட பிறகு அதைக் கேட்காமலிருக்க முடியவில்லை. இந்த அறையில் ஊற்றப்படும் எந்தத் தண்ணீரையும்விட அவளுடைய அந்த நினைப்புதான் அம்மாவை நெருக்கித் தள்ளுவதுபோல இருந்தது.

அதனால்தான் மறுநாள் காலையில் காரைக்காலுக்குப் போய், நாளைத் தள்ளிப்போடச் சொல்லித் தந்தி கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். ஒரு வாரம், பத்து நாள். வில்லை பொறுக்கும். புடவையை மாற்றிக்கொண்டிருந்தபோது அமுதம் உள்ளே வந்தாள்.

"அந்தப் பொட்டியில இருக்கறது என்ன அண்ணி?"

"அதத் தொட்டுடாத அமுதம். கை பட்டாலே கெட்டுப் போயிடும்."

"நெருப்புலேருந்து எடுத்த அழுக்கா?"

தையல் திரும்பிப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"அத்ததான். பேச்சு இருந்த வரைக்கும் ராத்திரில தூக்கம் வராது அவங்களுக்கு. 'எல்லா அழுக்கையும் நெருப்புலதான போடுறோம் அமுதம், அந்த நெருப்புலயே எப்படி அழுக்கு இருக்கும்'னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. எனக்கென்ன தெரியும்? நீங்க வந்தா கேக்கலாம்னு சொல்லி வப்பேன்."

வெளியே சாலையில் பஸ் ஹாரன் கேட்டது.

"வந்து சொல்றேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தந்தி ஆபீசில் ஒழுகல். குமாஸ்தா பக்கெட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் எழுதிக்கொடுத்ததைப் படித்தார். "உசுரு இருக்குல்லம்மா? அப்ப சீரியஸ்னே போட்டுடலாம்" என்றார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது. இன்று சாயங்காலம் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். கேட்கிறதோ இல்லையோ. அழுக்கு நெருப்பில் பிறப்பதில்லையம்மா, நெருப்பைச் சுற்றி நாம் கட்டிய சுவரிலிருந்து வருகிறது. இவ்வளவுதான். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அதிரசம் ஒரு பக்கம் வேகும் நேரம். பஸ் வயல்களின் நடுவே தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது. அவள் வாக்கியங்களை எளிய சொற்களில் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே வந்தாள்.

தெரு முனையில் திரும்பியதும் வாசலில் இரண்டு பேர் கீற்றைப் பரப்பிப் பந்தலுக்குக் கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. குடையை எப்போது மடக்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

அம்மாவின் தாடையைக் கட்டியிருந்தார்கள். "நீ காரைக்கால் போய்ச் சேந்திருக்க மாட்ட, அதுக்குள்ள போயிட்டா" என்று அஞ்சுகம் அவளைக் கட்டிக்கொண்டாள். "நல்ல சாவுடி. வெளக்கு அணைஞ்ச மாதிரி. எல்லாம் அமுதத்துக்குத்தான் தோணுச்சு."

கட்டிலடியில் சந்தனக்கல் ஈரமாக இருந்தது. பக்கத்தில் பாலாடை. பீரோவின் மேல் டப்பா சரியாக மூடப்படாமல் இருந்தது. தையல் அதை எடுத்தாள். மணிகள் அத்தனையும் இளஞ்சிவப்பு. வில்லை கிண்ணத்துக்குள்ளேயே இருந்தது, மின்னும் பக்கம் முழுக்கக் கீறல்களோடு. ஓரத்தில் நகக்கண் அளவு பெயர்ந்திருந்தது.

அமுதம் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"நான்தான் அண்ணி. தொடாதன்னு சொல்லிட்டுத்தான் போனீங்க. பொட்டியத் தொறந்து அத்த முன்னாடி காட்டுனேன். பாத்தாங்க. என்னையே பாக்காதவங்க அதப் பாத்தாங்க. அப்புறம் எனக்கு மனசு கேக்கல. ஒரசி மூணு சொட்டு ஊத்துனேன். முழுங்குனாங்க அண்ணி. இத்தன நாளுல கடவாயில ஒழுகாம முழுங்குனது அது ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "சுத்தமாத் தொடச்சுத்தான் வச்சிருக்கேன்."

"மிச்சத் தண்ணி?"

கேட்ட பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது.

"முத்தத்துல ஊத்திட்டேன்."

முற்றத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. தையல் அமுதத்தின் முகத்தில் கோபத்துக்கு ஏதாவது பிடி கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. அந்த முகம் ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்த முகம். தன்னால் ஒரு நாளும் செய்ய முடியாத வேலை. அது தற்செயல் என்று தையலுக்குத் தெரியும். இன்றோ நாளையோ போகவேண்டிய உயிர். தற்செயல் என்றால் நான்கு வருஷம் வீணாக முற்றத்துத் தண்ணீரில் போய்விட்டது. தற்செயல் இல்லை என்றால், பெற்றவள் ஒரு பதிலுக்காகத்தான் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பதில் மகளிடம் இருந்தது, மகள் சொல்லவில்லை. இரண்டில் எதைக் கையில் எடுத்தாலும் சுட்டது. அவள் டப்பாவை மூடினாள். மூடுவதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை என்று தெரிந்தும் அழுத்தி மூடினாள்.

சாயங்காலம் மழை விட்டிருந்த நேரம் பார்த்து எடுத்தார்கள். பெண்கள் தெரு முனையோடு நின்றார்கள். பூமிநாதன் தீச்சட்டியோடு முன்னால் போனான், திரும்பிப் பார்க்காமல். வீட்டைக் கழுவிவிடும் சத்தம் தொடங்கியதும் தையல் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். சம்பா வயல்களுக்கு அப்பால், வாய்க்கால் கரையில், சுடுகாட்டுக் கொட்டகையில் தீ எழும்பிவிட்டது. நல்ல மஞ்சள்.

அந்த மஞ்சள் நிறம் உப்பினுடையது. அவளுக்குத் தெரியும். எந்த உடம்பிலும் இருக்கும் உப்பு. ஆய்வுக்கூடத்தில் யாராவது எதையாவது வெறுங்கையால் தொட்டுவிட்டால், ஒளியைப் பிரித்து எடுக்கும் படத்தில் முதலில் தெரிவது அதுதான். மனிதக் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த மஞ்சளுக்குள், கண்ணால் பிரிக்க முடியாத இடத்தில், இரும்பின் கோடுகளும் இருக்கும். எஃகுச் சுவரிலிருந்து பெயர்ந்து, பிளாஸ்மாவின் ஓரத்தில் திரிந்து, வில்லையில் படிந்து, அமுதத்தின் விரலில் கரைந்து, அம்மாவின் தொண்டையில் இறங்கிய இரும்பு. அம்மாவின் ரத்தத்தில் எப்போதுமே இருந்த இரும்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. எது எதிலிருந்து வந்தது என்று இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. சொல்லத் தெரிந்த ஒருத்தியும் தெரு முனையைத் தாண்டக்கூடாது.

அமுதம் தலையில் தண்ணீர் சொட்ட வந்து பக்கத்தில் நின்றாள். காலி வாளி கையில் இருந்தது.

"குளிக்க வாங்க அண்ணி. தண்ணி எறச்சு வச்சிருக்கேன்."

தையல் நகரவில்லை. அமுதமும் போகவில்லை. அவளும் வயலுக்கு அப்பால் பார்த்தாள்.

"காலைல என்னமோ வந்து சொல்றேன்னீங்க."

"ம்."

பஸ்ஸில் அடுக்கிய வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது வாயில் இல்லை. அவள் கையை நீட்டினாள்.

"அந்த மஞ்சளா தெரியிது பாரு..."

அமுதம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நீட்டிய விரலின் நேர்கோட்டில் குனிந்து பார்த்தாள். காற்று திரும்பியது. தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து இன்னும் உயரமாக எரிந்தது. பயிர்களுக்கு நடுவே தேங்கியிருந்த தண்ணீரில் அதன் மஞ்சள் துண்டு துண்டாக உடைந்து, வரப்பு வரப்பாக ஏறி, அவர்கள் நின்றிருந்த கொல்லை ஓரம்வரைக்கும் வந்து அசைந்துகொண்டிருந்தது.