வணக்கத்துக்கே சரியாய்ப் போச்சு

“அவ வாயத் தொறந்தா சபையே சிரிக்கும். எம்புள்ள பேசட்டும், அவ பட்டன அமுக்கட்டும்” என்று சொல்லி, ரெத்னா அம்மாள் இஸ்திரிப் பெட்டியை மகனின் பாத்திக் சட்டைமேல் அழுத்தினாள். அந்த அழுத்தலில் சட்டையோடு சேர்ந்து கூடத்தில் இருந்தவர்களின் முகமும் தட்டையாகிப் போனது.

சட்டைக்குரியவன் ராடென் மாஸ் பிந்தோரோ; முன்னால் இருக்கும் இரண்டு சொல்லும் பிரபுப் பட்டம். சோலோ நகரில் அரண்மனை உறவு சொல்லிக்கொள்ளும் குடும்பம். ஆள் நல்லவன்தான், ஆனால் சொந்தமாக ஒரு கருத்து வைத்திருந்ததாக யாரும் பார்த்ததில்லை. அவனுக்கு எதிரே நாற்காலி நுனியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவள் அவன் குழுத்தோழி வர்சித்தி. பக்கத்தில் அவர்களுடைய ஆங்கில ஆசிரியை தந்த்ரி. அன்று பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி. குழுவில் ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும், இன்னொருவர் பட்டனை அமுக்கித் திரையில் படம் மாற்ற வேண்டும். ஜெயித்தவருக்கு மணிலா மாநாடு.

“மொத்தமும் அவ தயாரிச்சது பு” என்றாள் தந்த்ரி. அந்த ஊரில் ‘பு’ என்றால் அம்மா.

“நல்லதுதான். அதுக்காக மேடையில ஏத்தணுமா? டிவியில வேலைக்காரி பேசற பேச்சு அவளோடது.”

வர்சித்தி பன்யுமாஸ் மலைப்பக்கத்துப் பெண். சோலோக்காரர்கள் வார்த்தையின் கடைசி எழுத்தை வாய்க்குள்ளேயே வைத்து மடித்துவிடுவார்கள். அவள் ஊர்க்காரர்கள் அதைச் சுத்தியால் அடித்து வெளியே தள்ளுவார்கள். நாடகத்தில் திருடனும் வேலைக்காரியும் இப்படித்தான் பேசுவார்கள் என்று யாரோ ஒருநாள் முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு ஜில்லாவே வாயைத் திறந்தால் நமக்குச் சிரிப்பு. அவள் ஆங்கிலத்துக்கும் அதே சிரிப்புதான்.

மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. குடியுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லாமல் விருந்தாளி தொடக்கூடாது. ஆசிரியையிடமும் மகனிடமும் சொன்ன ரெத்னா அம்மாள், வர்சித்தியிடம் சொல்ல மறந்துவிட்டாள். மறந்தாளோ என்னவோ.

வர்சித்தியின் அப்பா சர்க்கரை காய்ச்சத் தென்னையில் பதநீர் இறக்குபவர். போன மழைக்காலத்தில் பாசியில் கால் வழுக்கி விழுந்தவர், இன்னும் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த மலையில் மழைதோறும் யாராவது விழுவார்கள். சர்க்கார் கொடுத்த இடுப்பு வாரை மரத்துக்கு மரம் கழற்றி மாட்டினால் விடியற்காலை வேலை மத்தியானத்தில்தான் முடியும் என்பதால் யாரும் அதை மாட்டுவதில்லை. மரத்திலேயே நிரந்தரமாக ஒரு கயிறு கட்டிவிடுங்கள் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. போட்டிக்குப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் காதில் இது விழ வேண்டும். மணிலா போனாலும் போகாவிட்டாலும் சரி.

“மாஸ், நீங்களே பேசுங்க” என்றாள் கடைசியில், அண்ணா என்று கூப்பிடுகிற மரியாதையோடு. “ஆனா கயித்தப் பத்தி மறக்காம சொல்லிடுங்க.”

“சொல்லிடறேன்” என்றான் பிந்தோரோ. மனதாரத்தான் சொன்னான்.

தந்த்ரி ஒரு பருவம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தியிருந்தாள்: முதல் வாக்கியத்திலேயே விஷயம் வரணும்! மாணவர் யாராவது ‘மாண்புமிகு’ என்று ஆரம்பித்தால் கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டுவாள். தம்ளர்தான் உடைந்தது, பழக்கம் உடையவில்லை. ஒருவன் தன் ஆங்கிலம் மோசம் என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, அவ்வளவு அருமையான ஆங்கிலத்தில், வகுப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

அரங்கம். முன்வரிசையில் சோபாக்கள், ஒவ்வொன்றின் முன்னும் பலகாரப் பெட்டி. திரையில் வர்சித்தியின் தென்னை மரம். பிந்தோரோ ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“மாண்புமிகு துணைவேந்தர் அவர்களே, அவர்தம் துணைவியார் அவர்களே...”

பதிவாளர் வந்தார், துறைத் தலைவர்கள் வரிசையில் வந்தார்கள், அவரவர் மனைவிமார்கள் வந்தார்கள். நூலகர்வரை இறங்கிவிட்டான். இன்னும் கொஞ்சம்தான், அடுத்தது கயிறு என்று வர்சித்தி மூச்சைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மாவட்டத் தலைவரின் மனைவி, கொண்டையோடும் பரிவாரத்தோடும் உள்ளே வந்தார்.

பிந்தோரோ திகைத்தான். இவரை நூலகருக்குப் பிறகு சொன்னால் குடும்ப மானமே போய்விடும். இரண்டாம் வரிசையிலிருந்து அம்மா விரலைச் சுழற்றிக் காட்டினாள்: முதல்லேருந்து!

முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மறுபடியும் நூலகரைத் தொட்டபோது மணி அடித்தது. “சொன்னதில் பிழையிருந்தால் பொறுத்தருள்க” என்று குனிந்து முடித்தான். பலத்த கைதட்டல்.

வர்சித்தி பட்டனை அமுக்கினாள். தென்னை போய், பாயில் படுத்திருந்த அப்பா திரையில் வந்தார். அவள் எழுந்து நின்றாள். ஒலிவாங்கி இல்லை.

“இவர் என் அப்பா. அந்த மரத்திலிருந்து விழுந்தவர்” என்றாள் ஆங்கிலத்தில்.

பின்வரிசையில் சிரித்தார்கள். ஆனால் சுத்தியால் அடித்த அந்த எழுத்துகள் கடைசிச் சுவர்வரை போய்ச் சேர்ந்தன. சிரிப்பு தானாக நின்றது.

“ஒரு கயிறு இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார்.”

தொகுப்பாளர் ஓடிவந்தார். “ஏம்மா! பட்டன் அமுக்கறவங்க பேசக்கூடாது! வணக்கம்கூடச் சொல்லாம!” யாரோ மின்கம்பியைப் பிடுங்க, அப்பா திரையிலிருந்து மறைந்தார். தந்த்ரி ஒருத்திதான் எழுந்து நின்று கைதட்டினாள்.

முதல் பரிசு பிந்தோரோவுக்கு. மற்ற குழுக்கள் மாவட்டத் தலைவரின் மனைவிக்கு வணக்கம் சொல்லவில்லையாம். அவர்கள் பேசியபோது அவர் வந்திருக்கவே இல்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குழுவில் ஒரு பெண் வணக்கமின்றிப் பேசியதற்காகச் சில மதிப்பெண்களைக் குறைத்தும் அவனே முதல். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வாரம் அதே கூடம், அதே தேநீர். பிந்தோரோ வெளிறிப் போயிருந்தான்.

“மணிலாவுல எனக்கு யாரையுமே தெரியாதே. யார் பெரியவங்க, யார் சின்னவங்க? யாருக்குன்னு வணக்கம் சொல்றது?”

“சொல்ல வேணாம் மாஸ்.”

“அப்போ அஞ்சு நிமிஷமும் என்னதான் பேசறது?”

“தென்ன மரத்தப் பத்திப் பேசுங்க.”

“அதான் எனக்குத் தெரியாதே!”

ரெத்னா அம்மாள் குரலில் திடீரென்று தேன் வழிந்தது. “நீயும் கூடப் போயேம்மா. பக்கத்துல உக்காந்து பட்டன அமுக்கிக்கிட்டே, மெதுவா அவன் காதுல சொல்லிக் குடு. சத்தம் மட்டும் வெளிய கேக்கக் கூடாது.”

வர்சித்தி மேசையிலிருந்த தேநீரை எடுத்தாள். யாரும் குடிக்கச் சொல்லவில்லை. மடக் மடக்கென்று கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கிளாசை டக்கென்று வைத்தாள்.

“சக்கரை எங்க ஊரு சக்கரைதான் பு” என்றாள், தெருவுக்கே கேட்கும் குரலில். “மாஸ், பட்டன் ரொம்பச் சுலபம். நீங்க அமுக்குங்க, நான் பேசறேன்.”