டாக்டர் முன்னால் ஆடாத கை

"சார், நீங்க செத்த நேரம் வெளிய நில்லுங்க."

வினோலியா சொல்லியேவிட்டாள். திண்டுக்கல்லின் அந்த நரம்பியல் கிளினிக்கில் சேர்ந்த அன்றே, டாக்டர் கிளெமென்ட்டை எங்கேயும் போகச் சொல்லக் கூடாது என்று நர்ஸ் அல்போன்சா ஓதியிருந்தாள். அவர் இருக்கும் இடத்தில் நோய்தான் வெளியே போகுமாம்.

ஒருவகையில் நிஜம்தான். அகரத்து விவசாயி சூசைமாணிக்கத்துக்குப் பார்கின்சன் நோய். கையை மடியில் சும்மா போட்டால்தான் நடுக்கம் தெரியும். மணிக்கட்டில் கருவி மாட்டி அதை அளப்பது வினோலியாவின் வேலை. டாக்டர் தலை தெரிந்ததும் பெரியவர் எழுந்து இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். திரையில் கோடும் மரியாதையாகப் படுத்துவிடும்.

"வெளியவா? நானா?" டாக்டர் சிரித்தார். "உங்க வீட்ல முதல் டிகிரி நீதானாமே. அதான் தலைக்கு ஏறிருச்சு."

"எனக்கு இப்பத்தான் சார் ஏறுது. உங்களுக்குத் தாத்தா காலத்துலயே ஏறிருச்சு போல."

டாக்டர் காதில் வாங்காதவர்போலத் திரையைக் காட்டினார். "பாரு, நடுக்கமே இல்ல. மாத்திரையை இன்னும் பாதியாக் குறைச்சிரலாம்."

பெரியவரின் மனைவி சகாயராணி பதறிவிட்டாள். "போன தடவ குறைச்சதுக்கே பாதிச் சோறு கீழ சிந்தி கோழிக்குப் போகுது சார். இனிமே கோழியக் கூடவே உக்கார வச்சுத்தான் சாப்பாடு."

"வீட்டுக் கதையெல்லாம் வேணாம்மா. மெஷின் பொய் சொல்லாது."

அந்நேரம் போன் வந்து டாக்டர் வெளியே போனார். பெரியவர் உட்கார்ந்தார், கைகள் தாமாக மடியில் இறங்கின. கோடு துள்ள ஆரம்பித்தது. வினோலியா ஓடிப்போய் டாக்டரை இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். அவர் வாசலில் நின்றதுதான் தாமதம், பெரியவர் எழுந்துவிட்டார். கை அக்குளுக்குள், கோடு தரையில்.

துள்ளிய பகுதி திரையில் அப்படியே இருந்தது. டாக்டர் அதை முறைத்தார்.

"மெஷின் கோளாறு. அழிச்சிடு."

"இப்பத்தான மெஷின் பொய் சொல்லாதுன்னீங்க?"

"அழிக்கிறியா, வேலைய விட்டுப் போறியா?"

வினோலியா எதையும் அழிக்கவில்லை. பெரியவரின் மணிக்கட்டிலிருந்து கருவியைக் கழற்றினாள்.

"அய்யா, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வாரேன். அங்க எந்த டாக்டர் வந்தாலும் எந்திரிக்கப்படாது, கையைக் கட்டப்படாது."

"அதெப்படித் தாயி, படிச்சவுக முன்னாடி..."

"நானும் படிச்சவதான். என் முன்னாடி நல்லாத்தான ஆடுச்சு?"

பெரியவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். சகாயராணி வாயைப் பொத்திச் சிரித்தாள். வினோலியா அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, டாக்டரைத் தாண்டி முன்னால் நடந்தாள்.